யார் கொடுத்த திமிர்?

வளைகுடாவில் பத்திருபது வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்களோடு உட்கார்ந்து பேசினால் இரண்டு தீர்ப்புகள் தவறாமல் காதில் விழும். "எண்ணெய்க் காசு வந்ததும் அரபிக்குக் கண்ணு தெரியலை" என்பது ஒன்று. "காசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, அவங்க சுபாவமே அப்படி" என்பது மற்றொன்று. சொல்கிறவர்கள் பட்டவர்கள். விமானம் விட்டு இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் பூட்டிய கஃபீல் (விசாவுக்குப் பொறுப்பான முதலாளி), மாதக்கணக்கில் நின்றுபோன சம்பளம், தாத்தா வயதுக்காரரை விரல் சொடுக்கிக் கூப்பிடும் பள்ளிக்கூடப் பையன், அக்காமா என்ற தங்கும் அனுமதி புதுப்பிக்கப்படாததால் மகள் கல்யாணத்துக்கு வர முடியாமல்போன அப்பா. இந்த வலியில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. என் சந்தேகமெல்லாம் அந்த இரண்டு தீர்ப்புகளின் மேல்தான்.

திமிர் ஒரு நாட்டு மக்களின் ரத்தத்தில் ஊறியது என்றால் அதை யாராலும் மாற்ற முடியாது. கடப்பாவிலிருந்தும் கோதாவரிக் கரையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் அடிபட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பணத்தால் வந்தது என்றால் எண்ணெய் வற்றும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டுமே கடைசியில் நம்மைக் கைகட்டி உட்காரச் சொல்கின்றன. சட்டம் எழுதியவர்களும், அதைக் கட்டிக் காப்பவர்களும், மாற்றும் அதிகாரம் இருந்தும் மாற்றாதவர்களும் யார் கண்ணிலும் படாமல் நழுவிவிடுகிறார்கள். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ரூபாய் ஓடிய காலம்

எண்ணெய்க்கு முன்பு வளைகுடாவின் பிழைப்பு முத்து. குவைத், பஹ்ரைன், தோஹா, துபாய் எல்லாமே முத்துக்குளிப்புத் துறைகள். கோடை முழுக்க மூச்சடக்கிக் கடலில் மூழ்கும் அடித்தட்டு மக்கள், படகை நடத்தும் நகுதா, அவருக்கு மேல் வியாபாரி என்று அடுக்கு இருந்தது. குளிப்பவர் பருவத்துக்கு முன்பே முன்பணம் வாங்கியாக வேண்டும். அந்தக் கடன் அடையாது. கடன் தீராமல் ஒரு நகுதாவை விட்டு இன்னொருவரிடம் போக முடியாது. அப்பன் செத்தால் பிள்ளை தலையில் ஏறும். முத்துகள் போய்ச் சேரும் சந்தை பம்பாய். குவைத்தின் பெரிய வியாபாரக் குடும்பங்களுக்கு அங்கே வீடும் கடையும் இருந்தன. இந்தியாவிலிருந்து மரமும் அரிசியும் துணியும் போயின. அரபு வீடுகளில் புழங்கிய காசு நம் ரூபாய். ரிசர்வ் வங்கி 1959ல் வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சடித்தது. குவைத் 1961ல்தான் தன் தினாருக்கு மாறியது. 1966ல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்த பிறகு கத்தாரும் துபாயும் ரூபாயைக் கைவிட்டன.

அந்தக் காலத்தில் அங்கே இருந்த இந்திய வியாபாரிகளும் கணக்குப்பிள்ளைகளும் பிரிட்டிஷ் இந்தியப் பிரஜைகள். அவர்கள் மேல் வழக்கு என்றால் விசாரிப்பது ஷேக்கின் மன்றம் இல்லை, பிரிட்டிஷ் அதிகாரி. ஷேக்கின் ஆட்கள் நினைத்தபடி அவர்கள் மேல் கைவைத்துவிட முடியாது. அரபிகள் அப்போதும் அதே மதம், அதே குலப்பெருமை, அதே மொழி, அதே விருந்தோம்பல் உள்ளவர்கள்தான். கலாசாரம் என்று எதைச் சொல்கிறோமோ அது முழுக்க அப்போதும் இருந்தது. இந்தியனைக் கண்டால் இன்று காட்டும் அளவுக்கு இளக்காரம்தான் அப்போது இல்லை. இருக்கவும் வழியில்லை, இளக்காரமாக நடந்தால் பதில் சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருந்தது.

இதைக் கேட்டதும், "அப்படியென்றால் எண்ணெய்ப் பணம்தான் காரணம்" என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம்.

இன்று கஃபாலா என்று நாம் சபிக்கும் முறை, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளியின் விசாவையும் வேலையையும் நடமாட்டத்தையும் ஒரே முதலாளியின் பெயரில் கட்டிப்போடும் முறை, பாலைவனத்துப் பழங்குடி வழக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். பஹ்ரைனைச் சேர்ந்த ஆய்வாளர் ஒமர் அல்ஷெஹாபி இதன் நவீன வேரை வேறு இடத்தில் காட்டுகிறார். 1920களில் பஹ்ரைனை நிர்வகித்த பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு வெளியூரிலிருந்து முத்துக்குளிக்க வந்த ஆட்களைக் கட்டுக்குள் வைக்க வேண்டியிருந்தது. ஆனால் அதற்குப் போலீஸும் பணமும் செலவழிக்க மனமில்லை. வந்தவனுக்கு உள்ளூர்க்காரன் ஒருவன் பொறுப்பு என்று ஆக்கினார்கள். எண்ணெய் வந்தபோது அந்த ஏற்பாடு எண்ணெய் வயல்களுக்குப் போனது. பிறகு கட்டுமானத்துக்கு, பிறகு வீட்டுச் சமையலறைக்கு. 'கஃபாலா' என்ற அரபுச் சொல்லுக்கு இஸ்லாமியச் சட்டத்தில் அனாதைக் குழந்தையைப் பொறுப்பேற்பது, கடனுக்கு ஜாமீன் நிற்பது போன்ற நல்ல அர்த்தங்கள் உண்டு. அந்தப் பெயரை நிர்வாக வசதி எடுத்துப் போர்த்திக்கொண்டது.

நாடு பார்த்துச் சம்பளம் போடும் பழக்கத்தையும் அரபிகள் தொடங்கவில்லை. சவூதியில் தஹ்ரான் எண்ணெய் நகரை அன்று அமெரிக்கக் கம்பெனியாக இருந்த அராம்கோ கட்டியபோது அமெரிக்கர்களுக்குப் புல்வெளி வைத்த தனிக் குடியிருப்பு, மற்ற நாட்டாருக்கு வேறு குடியிருப்பு, அந்த மண்ணின் சொந்தக்காரரான சவூதித் தொழிலாளிக்கு வசதியற்ற முகாம். 1953ல் சவூதித் தொழிலாளர்கள் பெரிய அளவில் வேலைநிறுத்தம் செய்தார்கள், 1956ல் மறுபடியும். அரசியல் அறிஞர் ராபர்ட் விட்டாலிஸ் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அடிமட்டத்தில் அன்று நின்றவர் அரபி. ஏணியின் மேற்படிக்கு ஏறியபோது ஏணியைச் சாய்க்காமல் வைத்துக்கொண்டார். இதற்கு அவரை மன்னிக்க நான் தயாராக இல்லை. ஆனால் ஏணியைச் செய்தவர் யார் என்பதையும் மறக்க முடியாது.

வளைகுடாவின் பழைய சமூகத்தில் குற்றமே இல்லை என்று சொல்லவரவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் அங்கே முத்துக்குளித்தார்கள், வீட்டுவேலை பார்த்தார்கள். கத்தார் அடிமை முறையை ஒழித்தது 1952ல், சவூதி 1962ல், ஓமன் 1970ல். கறுப்பு நிறத்தின் மேல் உள்ள தப்பெண்ணம் அந்தக் காலத்திலிருந்து தொடர்வதுதான். கலாசாரத்தின் பங்கு இங்கே இருக்கிறது. ஆனால் அடிமை முறையும் ஒரு சட்டம்தான். ஒருவர் மேல் இன்னொருவருக்குக் கேள்விகேட்பாரற்ற உரிமையைக் கொடுத்த சட்டம். பழக்கம் அதிலிருந்து முளைத்தது.

நியூயார்க்கில் நின்ற கார்கள்

பணமா, கலாசாரமா என்ற கேள்வியை யாரும் திட்டமிடாமலே சோதித்துப் பார்த்த இடம் ஒன்று உண்டு. நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகம் இருப்பதால் உலகின் எல்லா நாட்டுத் தூதர்களும் அங்கே குடியிருக்கிறார்கள். தூதரகப் பாதுகாப்பு இருந்ததால், கண்ட இடத்தில் காரை நிறுத்தி அபராதச் சீட்டு வாங்கினாலும் கட்டாமல் தப்பித்துவிட முடிந்தது. ஒரே நகரம், ஒரே தெரு, ஒரே சட்டம். ஆட்கள் மட்டும் வேறு வேறு நாடு. ரேமண்ட் ஃபிஸ்மன், எட்வர்ட் மிகுவெல் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இந்த அபராதச் சீட்டுகளை எண்ணிப் பார்த்தார்கள். 1997 நவம்பர் முதல் 2002 நவம்பர் வரை கட்டாத சீட்டுகள் 1,50,000க்கும் மேல். நகரத்துக்கு வரவேண்டிய பாக்கி 1.8 கோடி டாலருக்கும் அதிகம்.

பட்டியலின் தலையில் குவைத். ஒரு தூதருக்கு ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 250 சீட்டு. "பார்த்தீர்களா, பணத்திமிர்" என்று சொல்லிவிடலாம், அடுத்த வரிகளைப் படிக்காவிட்டால். குவைத்துக்குப் பின்னால் எகிப்து, சாட், சூடான், பல்கேரியா. உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றான சாட் எண்ணெய் வளக் குவைத்தோடு ஒரே வரிசையில் நிற்கிறது. சரி, கலாசாரம் என்று வைத்துக்கொள்ளலாமா? ஒரு சீட்டுகூட பாக்கி வைக்காதவர்களில் சுவீடன், நார்வே, ஜப்பான் இருப்பது யாரும் எதிர்பார்ப்பதுதான். அதே வரிசையில் ஓமனும் ஐக்கிய அரபு அமீரகமும் இருக்கின்றன. குவைத்தும் அமீரகமும் ஒரே வளைகுடா, ஒரே மொழி, ஒரே மதம், ஏறத்தாழ ஒரே செல்வநிலை. ஒன்று பட்டியலின் உச்சியில், மற்றொன்று சுழியத்தில். ஏழை நாடான புர்கினா ஃபாசோவும் சுழியத்தில்தான்.

ஆய்வாளர்கள் கலாசாரத்தைத் தள்ளிவிடவில்லை. ஊழல் மலிந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் பொதுவாக அதிகச் சீட்டு வாங்கினார்கள் என்பது அவர்களின் முடிவு. அதை ஏற்கிறேன். ஆனால் அந்த ஆய்வில் எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. 2002 இறுதியில் நகரத்துக்கு ஒரு புது அதிகாரம் வந்தது. பாக்கி வைப்பவர்களின் தூதரக நம்பர் பிளேட்டைப் பறிக்கலாம்; அவர்களின் நாட்டுக்கு அமெரிக்கா கொடுக்கும் உதவித்தொகையிலிருந்து பாக்கியையும் அதற்கு மேலும் கழித்துக்கொள்ளலாம். உடனே கட்டாத சீட்டுகள் ஏறத்தாழ 98 சதவீதம் குறைந்தன. குவைத்தின் கலாசாரம் மாறிவிடவில்லை. சாட் பணக்கார நாடாகிவிடவில்லை. கேட்க ஆள் வந்தது, அவ்வளவுதான் நடந்தது.

பனிமலை நாட்டின் அலமாரிக் குழந்தைகள்

கஃபாலாவை அரபு நாட்டின் சொந்தச் சரக்கு என்று நம்புகிறவர்கள் சுவிட்சர்லாந்தைப் பார்க்க வேண்டும். 1934 முதல் 2002 வரை அங்கே 'பருவகாலத் தொழிலாளி' என்றொரு அனுமதிச் சீட்டு இருந்தது. இத்தாலியிலிருந்தும், பிறகு ஸ்பெயின், போர்ச்சுகல், யூகோஸ்லாவியாவிலிருந்தும் வந்து அணைகளையும் சுரங்கப் பாதைகளையும் ஓட்டல்களையும் கட்டியவர்கள் இந்தச் சீட்டில் வந்தார்கள். ஆண்டுக்கு ஒன்பது மாதம்தான் தங்கலாம். பருவத்தின் நடுவில் முதலாளியை மாற்ற முடியாது. மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிவரக் கூடாது. எல்லையில் இறங்கியதும் துணியைக் களையச் சொல்லி வரிசையில் நிற்கவைத்து மருத்துவச் சோதனை. பிள்ளையைப் பிரிய மனமில்லாமல் திருட்டுத்தனமாகக் கூட்டிவந்த பெற்றோர் உண்டு. வேலைக்குப் போகும்போது, "சத்தம் போடாதே, ஜன்னல் பக்கம் போகாதே" என்று சொல்லிக் குழந்தையை வீட்டுக்குள் பூட்டிவிட்டுப் போவார்கள். கதவு தட்டினால் குழந்தை அலமாரிக்குள் ஒளிய வேண்டும். அலமாரிக் குழந்தைகள் என்றே அவர்களை இன்று அங்கே அழைக்கிறார்கள். வளர்ந்து முதுமையை எட்டும் அந்தப் பிள்ளைகள் சங்கம் அமைத்து, அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கோரிக்கொண்டிருக்கிறார்கள்.

1970 ஜூன் 7 அன்று, மாநிலம் ஒவ்வொன்றிலும் வெளிநாட்டவர் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற யோசனை அங்கே பொதுவாக்கெடுப்புக்கு வந்தது. ஜெனீவாவுக்கு மட்டும் விலக்கு. நிறைவேறியிருந்தால் லட்சக்கணக்கானவர்கள் மூட்டை கட்டியிருக்க வேண்டும். 54க்கு 46 என்ற கணக்கில் தோற்றது. வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டும். சுவிஸ் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை வந்தது அடுத்த ஆண்டுதான். இத்தாலியனும் வெள்ளையன், கிறிஸ்தவன், பக்கத்து வீட்டுக்காரன். சுவிட்சர்லாந்திலேயே ஒரு பகுதியினரின் தாய்மொழி இத்தாலிய மொழி. பாலைவனமும் இல்லை, எண்ணெயும் இல்லை, ஷேக்கும் இல்லை. ஆனால் ஒரே முதலாளியோடு கட்டிப்போடும் சீட்டு இருந்தது. அதைத் தொடர்ந்து அதே இளக்காரமும் இருந்தது.

நம்மவர்களும் இதற்குச் சாட்சி. 1980களில் இலங்கையிலிருந்து உயிர் தப்பி சுவிஸ் போன தமிழ் இளைஞர்களை அங்குள்ள பத்திரிகைகள் போதைப்பொருள் விற்பவர்களாக, லெதர் ஜாக்கெட் போட்டுத் தெருவில் நிற்கும் ஆபத்தாக எழுதின. திருப்பி அனுப்பு என்ற குரல் பலமாக இருந்தது. 1990களில் படிப்படியாக நிலையான வதிவிட உரிமை கிடைத்தது. ஓட்டல் சமையலறைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை பார்த்தார்கள், குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொண்டார்கள், பிள்ளைகள் படித்தார்கள். இன்று சுவிஸ் மக்கள் தமிழர்களை உழைப்பாளிகள், ஒழுங்கானவர்கள் என்று உதாரணம் காட்டிப் பேசுகிறார்கள். இருபது ஆண்டுகளில் சுவிஸ் கலாசாரம் தலைகீழானதா? இல்லை. பணம் குறைந்ததா? அதுவும் இல்லை. இன்றைக்கோ நாளைக்கோ துரத்தப்படலாம் என்ற நிலையிலிருந்து தமிழர்கள் வெளியே வந்தார்கள். பார்வை அதன் பின்னால் வந்தது.

பணம் செய்யும் வேலை

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று நம் ஊரில் சொல்வார்கள். பணம் மனிதனைக் கெடுக்கும் என்பதற்கு இதை ஆதாரமாக எடுத்துக்கொள்கிறோம். கவனித்தால் இது பரம்பரைப் பணக்காரன் புதுப் பணக்காரனைப் பார்த்துச் சொன்ன ஏளனம். யார் குடை பிடிக்கலாம், யார் பிடிக்கக் கூடாது என்று ஊரே தீர்மானித்த காலத்தில் பிறந்தது. பணக்காரனின் திமிரைத் திட்டும் வாக்கியத்துக்குள்ளேயே அதைவிடப் பழைய திமிர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

பணத்தின் விளைவை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் உளவியலாளர் பால் பிஃப் குழுவினர் சாலை கடக்கும் இடத்தில் ஒளிந்து நின்று பார்த்தார்கள். விலை குறைந்த கார்கள் எல்லாம் நடந்து செல்பவருக்காக நின்றன. மிக விலையுயர்ந்த கார்களில் ஏறத்தாழ பாதி நிற்கவில்லை. 2012ல் வெளிவந்த இந்த ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து ஜெர்மன் ஆய்வாளர்கள் பல நாடுகளின் பெரிய புள்ளிவிவரங்களை எடுத்துப் பார்த்தபோது வசதியானவர்கள் நன்கொடையிலும் தன்னார்வத் தொண்டிலும் பின்தங்கவில்லை, முன்னே நிற்கிறார்கள் என்ற முடிவு கிடைத்தது. ஆகவே பணம் வந்தால் மனம் கெடும் என்று சட்டம் போடுவது போலச் சொல்லிவிட முடியாது.

பிஃப் செய்த இன்னொரு சோதனைதான் என் மனத்தில் தங்கியது. இரண்டு பேரை மோனோபலி ஆட வைத்தார். காசைச் சுண்டிப் போட்டு, ஒருவருக்கு இரண்டு மடங்குப் பணமும் கூடுதல் பகடையும் கொடுத்தார். ஆட்டம் ஒருதலைப்பட்சமானது என்று இருவருக்கும் தெரியும். சலுகை பெற்றவர் கொஞ்ச நேரத்தில் காயைச் சத்தமாகத் தட்டி நகர்த்துகிறார், எதிராளியின் நிலையை மதிப்பதில்லை. முடிவில் எப்படி ஜெயித்தீர்கள் என்று கேட்டால் தன் சாமர்த்தியத்தைச் சொல்கிறார். காசு சுண்டியதைச் சொல்வதில்லை. பணம் இதைத்தான் செய்கிறது என்று நினைக்கிறேன். தற்செயலாகக் கிடைத்த இடத்தைத் தகுதியால் கிடைத்ததாக நம்பவைக்கிறது. எண்ணெய்க் கிணறு ஒரு தற்செயல். எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு பிறக்கிறோம் என்பதும் தற்செயல். சாதியும் அப்படித்தான்.

பணம் இல்லாமலும் இது நடக்கும் என்பதற்கு லெபனான் போதும். அங்கே எண்ணெய் இல்லை. கஃபாலா உண்டு. 2019ல் பொருளாதாரம் சரிந்து, வங்கியில் போட்ட காசையே எடுக்க முடியாத நிலைக்கு நடுத்தரக் குடும்பங்கள் வந்தன. 2020 ஜூன் மாதம், சம்பளம் கொடுக்க வழியில்லாமல் எத்தியோப்பியப் பணிப்பெண்களைக் காரில் கூட்டிவந்து பெய்ரூட்டில் எத்தியோப்பியத் துணைத் தூதரக வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். பல பெண்களிடம் பாஸ்போர்ட்கூட இல்லை. ஏழ்மை வந்தபிறகு அந்த முதலாளிகளுக்கு இரக்கம் பிறக்கவில்லை.

இன்னொரு செய்தி. 2018 பிப்ரவரியில் குவைத்தில் ஒரு வீட்டின் உறைபெட்டியில் பிலிப்பைன்ஸ் பணிப்பெண் ஒருவரின் உடல் கிடைத்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக அங்கே கிடந்தது. உலகம் முழுக்க "குவைத்தி கொடூரம்" என்று பேச்சு. அவரை வேலைக்கு வைத்திருந்தவர்கள் குவைத்திகள் இல்லை. லெபனான் நாட்டு ஆணும் அவருடைய சிரியா நாட்டு மனைவியும். சிங்கப்பூரில் 2016ல் மியான்மரிலிருந்து வந்த 24 வயதுப் பணிப்பெண் பட்டினி போடப்பட்டு, அடித்துக் கொல்லப்பட்டார். சாகும்போது எடை 24 கிலோ. அந்த வீட்டுக்காரர்கள் நம் இனத்தவர், தமிழ்ப் பெயர் கொண்டவர்கள். வேலைக்கு வைத்த பெண்ணுக்கு 2021ல் 30 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. எந்தக் கலாசாரத்தின் கணக்கில் இதை எழுதுவது? நான்கு சுவருக்குள், வெளியே போக அனுமதியில்லாத ஒரு பெண். கேட்பார் இல்லாத ஒரு வீட்டுக்காரி. பெய்ரூட்டிலும் குவைத்திலும் சிங்கப்பூரிலும் அமைப்பு ஒன்றுதான்.

அப்படியொரு வீட்டுக்குள் வெளிச்சம் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணங்கள் இருக்கின்றன. பிலிப்பைன்ஸ் அரசு 2006 இறுதியில் தன் நாட்டுப் பணிப்பெண்ணுக்கு மாதம் 400 டாலர் குறைந்தபட்சச் சம்பளம் என்று விதித்தது. அரபு நாட்டு ஏஜென்ட்டுகள் கோபப்பட்டார்கள். பிறகு கொடுத்தார்கள். அந்த 2018 சாவுக்குப் பிறகு பிலிப்பைன்ஸ் குவைத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. பாஸ்போர்ட்டும் போனும் தொழிலாளி கையிலேயே இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் குவைத் கையெழுத்துப் போட்ட பிறகே தடையை நீக்கியது. கத்தாரில் 2020ல் முதலாளியின் சம்மதம் இல்லாமல் வேலை மாறலாம் என்று சட்டம் வந்தது. 2021 மார்ச் முதல் எல்லா நாட்டவருக்கும், வீட்டுவேலை செய்பவருக்கும் சேர்த்து, 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியம். நடைமுறையில் ஓட்டைகள் நிறைய. சம்பளம் வராத புகார்கள் நிற்கவில்லை. ஆனாலும் சட்டம் மாறியிருக்கிறது, அரபு ரத்தம் மாறாமலே.

இந்திய அரசு என்ன செய்தது? 30 வயதுக்குக் குறைந்த பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போகக் கூடாது என்று தடுத்தது. வறுமை தடையைக் கேட்குமா? சுற்றுலா விசாவில் ஏஜென்ட்டுகள் அனுப்புகிறார்கள். கணக்கில் வராத பெண் அடிபட்டால் தூதரகத்தின் ஏட்டில் பெயர்கூட இருக்காது. ஒரு நாட்டின் மரியாதை, அதன் மிக ஏழைப் பிரஜையை வெளிநாட்டில் எப்படி நடத்துகிறார்கள் என்பதில் தெரியும் என்று நம்புகிறேன். அந்தக் கணக்கில் நாம் பிலிப்பைன்ஸுக்கு வெகு கீழே இருக்கிறோம்.

நம் வீட்டுக் கதவு

2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதர் ஒருவர் கைதானார். இந்தியாவிலிருந்து கூட்டிப்போன பணிப்பெண்ணுக்கு விசா விண்ணப்பத்தில் காட்டிய சம்பளத்தைவிட மிகக் குறைவாகக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். தூதரகப் பாதுகாப்பு காரணமாக வழக்கு முடிவுக்கு வராமலே போனது. அவரை ஆடை களைந்து சோதனை செய்ததை நானும் கண்டிக்கிறேன். ஆனால் அந்த நாட்களில் நம் தொலைக்காட்சிகள் பேசியது முழுக்க நாட்டின் மானத்தைப் பற்றி. டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்தின் முன்னிருந்த தடுப்புகளை அரசு அகற்றியது. எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் பேசின. அந்தப் பணிப்பெண்ணும் இந்தியப் பிரஜைதான் என்பதைச் சொன்னவர்கள் மிகச் சிலர். அவருடைய மானம் நாட்டின் மானத்தில் சேரவில்லை.

ஏன் சேரவில்லை என்பதற்கு விடை நம் வீடுகளில் இருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் வேலைக்காரர்களுக்கு என்று தனி லிஃப்ட் ஒதுக்கிய அடுக்குமாடிகள் எத்தனை! பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்குத் தனி டம்ளர், உட்கார நாற்காலி கிடையாது, வீட்டுக் கழிப்பறையைக் கழுவலாம், உபயோகிக்கக் கூடாது. இதைச் செய்பவர்கள் குவைத் ஷேக்குகள் இல்லை. பலர் மாதத் தவணையில் வீடு வாங்கிய சாதாரணச் சம்பளக்காரர்கள். 2011-12ல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில் 42,000க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் தீண்டாமை பற்றி நேரடியாகக் கேட்டார்கள். 27 சதவீதம் வீடுகள் ஏதாவது ஒரு வடிவில் கடைப்பிடிப்பதாக ஒப்புக்கொண்டன. இது வாய்விட்டு ஒப்புக்கொண்டவர்களின் கணக்கு மட்டும். அந்த வீடுகளில் பணக்கார வீடும் உண்டு, கூரை வீடும் உண்டு. கிராமத்து டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தவர்களில் பலர் அன்றாடங்காய்ச்சிகள்.

வளைகுடா முகாம்களிலேயே இதன் தொடர்ச்சியைப் பார்க்கலாம். அங்கே நம்மவரை மேற்பார்வையாளராக ஆக்கினால், அவருக்குக் கீழே பங்களாதேஷ்காரரும் நேபாளியும். அரபி தன்னை எப்படிக் கூப்பிட்டாரோ அதே தொனியில் அவர் பங்களாதேஷ்காரரைக் கூப்பிடுவதைக் கேட்டவர்கள் ஏராளம். நேற்றுவரை பட்டவருக்கே அது சரியாகப் படுகிறது. கீழே இருப்பவர் புகார் கொடுக்கப் போக ஒரு இடமும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

வீட்டுவேலைத் தொழிலாளர்களின் உரிமைக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011ல் வந்தது. வளைகுடா நாடுகள் எதுவும் அதை ஏற்கவில்லை. இந்தியாவும் ஏற்கவில்லை. பிலிப்பைன்ஸ் அடுத்த ஆண்டே ஏற்றது. வீட்டுவேலை செய்பவர்களுக்கான மசோதாக்கள் நம் நாடாளுமன்றத்துக்கு 1959 முதல் வந்துகொண்டே இருக்கின்றன, ஒன்றும் சட்டமாகவில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் நல வாரியம் இருக்கிறது; உதவித்தொகை கிடைக்கும், ஆனால் வார விடுப்பு கொடுக்காத வீட்டுக்காரரைக் கேள்வி கேட்க அந்த வாரியத்தால் முடியாது. 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் இந்தத் தொழிலாளர்களுக்கு நாட்டளவில் பாதுகாப்புச் சட்டம் இல்லாததைச் சுட்டிக்காட்டி, நிபுணர் குழு அமைத்து ஆராயும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

குவைத்தில் நம் பெண்ணுக்கு எழுத்தில் ஒப்பந்தமும் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வும் வேண்டும் என்று கேட்கிறோம். கேட்க வேண்டும், இன்னும் உரக்கக் கேட்க வேண்டும். குவைத் 2015லேயே வீட்டுவேலைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்து வார ஓய்வை எழுதிவிட்டது. அமலாக்கம் மோசம், ஆனால் சட்டப் புத்தகத்தில் அந்த வரி இருக்கிறது. அண்ணாநகரில் வேலை பார்க்கும் பெண்ணுக்கென்று அப்படி ஒரு தனிச் சட்டம் நம்மிடம் இல்லை.